ஜப்பான் பெண்களுக்கு வேலைக் கஷ்டமே இல்லையாம்!

இந்த செமஸ்டரில் இது நான்காவது ஆய்வேடு. நாடுகள்தான் மாறுகின்றன, முடிவு மாறுவதில்லை. போன வாரம் மேசைக்கு வந்தது கிரீஸும் ஜப்பானும். 2012ஆம் ஆண்டு வேலையின்மைக் கணக்கு. நீலத்தில் ஆண், ரோஸில் பெண் (எப்போதும் ரோஸ்தான்!), அழகான படம். அடியில் ஒரு வரி: "ஜப்பானில் நீண்டகால வேலையின்மை ஆண்களிடமே அதிகம். எனவே அங்கு பெண்களுக்குப் பாகுபாடு இல்லை."

சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு ஒரு டீ குடித்து வந்தேன்.

இருபது வருஷமாகச் சொல்கிறேன், இன்னொரு தடவையும் சொல்கிறேன். வேலை இல்லாத எல்லாரும் 'வேலையற்றோர்' அல்ல. கையில் வேலை இருக்கக் கூடாது, கிடைத்தால் சேரத் தயாராக இருக்க வேண்டும், அதோடு வேலை தேடிக்கொண்டும் இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் அந்தப் பெயர். அப்படி ஓராண்டு தாண்டினால் நீண்டகால வேலையின்மை. தேடுவதை நிறுத்தியதும் ஒரு பெண் கணக்கிலிருந்து காணாமல் போகிறாள். வேலை கிடைத்தாலும் பட்டியலை விட்டுப் போவாள், வெறுத்துப்போய் வீட்டில் உட்கார்ந்தாலும் போவாள். விகிதம் இரண்டையும் பிரித்துக் காட்டாது. குறைந்துவிட்டது என்று மட்டும் சொல்லும்.

ஜப்பானில் அந்த வருஷம் வேலையின்மை விகிதம் ஆண்களுக்கு 4.6 விழுக்காடு, பெண்களுக்கு 4.0. படத்தில் பெண்கள் ஜெயித்துவிட்டார்கள். ஆனால் வேலையிலோ வேலை தேடிக்கொண்டோ இருந்தவர்கள் நூறு ஆண்களில் சுமார் 71 பேர், நூறு பெண்களில் 48 பேர்தான். முதல் குழந்தை பிறந்ததும் பாதிக்கும் மேற்பட்ட பெண்கள் வேலையை விட்டுவிடுவது 2000களில் அங்கே வழக்கமாகவே இருந்தது. 2012இல் வேலையற்றோர் பட்டியலில் இருந்த பெண்கள் சுமார் 11 லட்சம். வேலைக்குப் போக ஆசை இருந்தும் தேடாமல், பட்டியலுக்கு வெளியே நின்றவர்கள் சுமார் 30 லட்சம். அந்த 30 லட்சம் பேர் உங்கள் ரோஸ் பட்டையில் எங்கே, சொல்லுங்கள்?

கிரீஸில் கதை நேர்மாறு. கடன் நெருக்கடியில் கணவனுக்கு வேலை போனதும் மனைவி தேடக் கிளம்பினாள். கிளம்பியதால் கணக்கில் ஏறினாள். பெண்களின் வேலையின்மை 28 விழுக்காட்டை ஒட்டி, ஆண்களுடையது 22ஐ ஒட்டி. அங்கே பெண்கள் நிலை மோசம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஜப்பானைவிட மோசம் என்று இந்த ஒரு டேபிளை வைத்துச் சொல்லாதீர்கள்.

இன்னொரு கூத்து. 'நீண்டகால வேலையின்மை' என்று டவுன்லோடு செய்கிறீர்களே, அது எதில் எத்தனை பங்கு? வேலையற்றோரிலா, உழைப்பாளர் படையிலா (வேலையில் இருப்பவர்களும் தேடுபவர்களும் சேர்ந்தது)? கிரீஸில் வேலையற்றோருக்குள் பார்த்தால் ஆணானாலும் பெண்ணானாலும் ஏறத்தாழ பத்துக்கு ஆறு பேர் ஓராண்டு தாண்டியவர்கள், இடைவெளி பெரிதாகத் தெரியாது. மொத்த உழைப்பாளர் படையோடு வகுத்துப் பாருங்கள், இடைவெளி முகத்தில் அறையும். வகுக்கும் எண்ணை எழுதாத டேபிளை இனி நான் திருப்பித்தான் அனுப்புவேன். சர்வேக் கேள்வித்தாளையும் ஒருமுறை திறந்து பாருங்கள். கிரீஸில் கடந்த நான்கு வாரத்தில் தேடினீர்களா என்பார்கள். ஜப்பானில் அந்த வருஷம் வேலையின்மை விகிதத்துக்குக் கணக்கெடுத்த அந்த ஒரு வாரத்தைத்தான் கேட்டார்கள்.

அந்த ஆய்வேட்டை எழுதிய மாணவியைக் கூப்பிட்டு, "உங்க வீட்ல யாரும்மா வேலை தேடுறாங்க?" என்று கேட்டேன்.

"அக்கா சார். பி.எட். முடிச்சு ரெண்டு வருஷம் தேடுனா. பாப்பா பிறந்ததும் விட்டுட்டா. போன மாசம்தான் திரும்ப அப்ளிகேஷன் போட்டா."

"சர்வேக்காரர் வந்து எவ்வளவு நாளா தேடுறீங்கன்னா என்ன சொல்வாங்க?"

"ஒரு மாசம்னு..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

ஒரு மாதம் என்றால் அக்கா நீண்டகாலக் கணக்கில் வரமாட்டாள். கைக்குழந்தையால் கடிகாரம் பூஜ்யத்துக்குப் போய்விடுகிறது. ஆண்களுக்கு இப்படி நடப்பது அபூர்வம்.

அதனால் பிள்ளைகளே, தயவுசெய்து, வேலையின்மைப் பட்டைக்குப் பக்கத்தில் பங்கேற்பு விகிதத்தையும் (நூறு பேரில் எத்தனை பேர் வேலையிலோ தேடலிலோ இருக்கிறார்கள் என்பது) வையுங்கள். விருப்பம் இருந்தும் தேடாதவர்களின் எண்ணிக்கை கிடைத்தால் அதையும் சேருங்கள். 'எனவே' என்ற சொல்லை எழுதுமுன் ஒரு நிமிஷம் பொறுங்கள். கைடுகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன், கையெழுத்துப் போடுமுன் படித்துப் பாருங்கள் சார்.

அந்தப் பெண் நேற்று புதுப் படம் அனுப்பியிருக்கிறாள். இப்போது மூன்று பட்டைகள். மூன்றாவதன் உயரத்துக்கு அளவுகோல் போதாமல் தாளைக் குறுக்காகத் திருப்பியிருக்கிறாள். வியாழக்கிழமை வைவா.