கரித்துண்டுக்குப் பசை தடவாதீர்கள்

காலம் கணிக்கச் சொல்லி எங்கள் லேபுக்கு இந்த வாரமும் ஒன்று வந்தது. ஏற்காடு பக்கம் தோட்டத்தில் குழி எடுத்தபோது உடைந்த தாழிக்குள் கிடைத்த கரித்துண்டு. உதிரக்கூடாதென்று வெள்ளைப் பசையை முழுக்கத் தடவி, பஞ்சில் சுற்றி, இனிப்பு டப்பாவில் வைத்திருந்தார்கள். "மயிலாடும்பாறை மாதிரி நம்ம ஊருக்கும் ஒரு தேதி வரணும் சார்" என்றார்கள். நியாயமான ஆசை. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்பின் காலத்தை கி.மு. 2172-க்குக் கொண்டுபோனதும் நாங்கள் செய்கிற இதே ஏஎம்எஸ் என்னும் கார்பன் டேட்டிங் முறைதான்.

பசையைப் பற்றிக் கேட்டால் வருகிற பதில்தான் தாங்கவில்லை: "அவ்வளவு பெரிய மெஷின், அது பிரிச்சுப் பார்த்துக்காதா?"

பார்த்துக்கொள்ளாது. காலம் போகப் போகச் சிதைந்து குறைகிற கார்பன்-14 எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை வைத்துத்தான் வயதைச் சொல்கிறோம். புதுக் கரியில்கூட லட்சம் கோடி கார்பன் அணுக்களுக்கு ஒன்றுதான் கார்பன்-14. ஒரு மில்லிகிராமில் சுமார் 6 கோடி அணுக்கள். மணிக்கு ஒன்றுகூடச் சிதையாது. சிதைவதற்குக் காத்திராமல் அணுக்களையே எண்ணுகிறது ஏஎம்எஸ். கார்பன்-14-ன் எடையே உள்ளதால் கணக்கைக் குழப்பக்கூடிய நைட்ரஜன், எதிர்மின் அயனியாக நிலைக்காததால் தொடக்கத்திலேயே கழிந்துவிடும். எண்ணுவதில் அந்த மெஷினை நான் முழுசாக நம்புகிறேன். ஆனால் அந்த அணு கரியிலிருந்து வந்ததா, பசை டப்பாவிலிருந்து வந்ததா என்று அணுவின் மேல் எழுதியிருக்காது.

வெள்ளைப் பசை பெட்ரோலியத்திலிருந்து வருவது. அதில் கார்பன்-14 கிடையாது. சாம்பிளின் கார்பனில் 10 சதவீதம் பசையாக நின்றுவிட்டால், தேதி சுமார் 850 வருஷம் முன்னே போய்விடும். ஊரே கொண்டாடும், அத்தனையும் பொய். பஞ்சு, சல்லிவேர் எல்லாம் இதற்கு நேர்மாறு, வயதைக் குறைத்துவிடும். கார்பன்-14 துளியும் மிஞ்சாத பொருளில் 1 சதவீதம் புதுக் கார்பன் கலந்தால் போதும், 37,000 வருஷம் என்று காட்டும்.

லேபில் அமிலம், காரம் என்று மாற்றி மாற்றிக் கழுவுவோம். சேலத்து மண்ணில் இருக்கும் மேக்னசைட் தூள்கூட அமிலத்தில் கரைந்துவிடும். பசை அப்படிப் போகாது. தடவியிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், எந்தப் பசை என்றும் சொல்லுங்கள். திட்டமாட்டேன்.

கல்திட்டைக் கல்லையும் சாமி சிலையையும் தயவுசெய்து கார்பன் டேட்டிங்குக்குக் கொண்டுவராதீர்கள். கல்லைச் செதுக்கிய காலத்தை இந்த முறை சொல்லாது.

தாழியோ கரியோ தென்பட்டால் தோண்டுவதை நிறுத்திவிட்டு விஏஓ-விடம் சொல்லுங்கள். இருந்த இடத்திலேயே, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் போட்டோ எடுங்கள். ஆழம் தெரியாத கரியால் எங்களுக்குப் பயனில்லை. ஏற்கெனவே வெளியே எடுத்தாயிற்றென்றால் கை படாமல் அலுமினியத் தாளில் மடியுங்கள். கழுவாதீர்கள், மஞ்சள் குங்குமம் வைக்காதீர்கள், அந்துருண்டை போடாதீர்கள்.

தாழிக்குள் இருக்கும் மண்ணைக் கொட்டிவிடாதீர்கள். வைரம் பாய்ந்த கட்டையின் கரி, தீ மூட்டிய நாளைவிட நூறு இருநூறு வருஷம் பழைய தேதியைக் காட்டலாம். அந்த மண்ணில் கருகிய நெல்லோ வரகோ ஒன்றிரண்டு இருந்தால், ஒரே பருவத்தில் விளைந்த அந்தத் தானியம்தான் எங்களுக்கு வேண்டியது.