புனர்நிர்மாணமா, புதுக்குதலா?

மட்டக்களப்பு வாவியோரத்திலுள்ள எங்கள் ஊர்க் கலாசார மண்டபத்தின் முன்னால் அண்மையில் ஒரு பலகை நாட்டப்பட்டது. 'கலாசார மண்டபத்தைப் புனர்நிர்மாணம் செய்து விஸ்தரித்தல்' என்று அதில் எழுதியிருந்தது. 1950களில் கட்டப்பட்ட அந்த மண்டபத்தை இடிக்கப் போகிறார்களா, திருத்தப் போகிறார்களா என்று ஊரில் பலர் கேட்டார்கள். பலகையிலிருந்த சொல் இரண்டுக்கும் இடம் கொடுத்தது.

'புனர்' என்பது 'மீண்டும்' எனப் பொருள்படும் வடசொல். 'நிர்மாணம்' என்பதன் உள்ளே 'மா' என்னும் வடமொழி வேர் இருக்கிறது. அதற்கு அளத்தல் என்று பொருள். நிலத்தை அளந்து, கோடிட்டு, அத்திவாரத்திலிருந்து எழுப்புவதே நிர்மாணம். ஆகவே புனர்நிர்மாணம் என்பது இல்லாமற்போன ஒன்றை மறுபடி கட்டுவதாகும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை கல்லடியிலும் மருதமுனையிலும் கல்முனையிலும் வீடுகளை அடியோடு கொண்டுபோன பின்னர் நடந்த வேலைக்கு அச்சொல் மிகப் பொருத்தமானது. சுவரும் தூணும் நிற்கிற மண்டபத்துக்கு அது பொருந்தாது.

'புனரமைப்பு' அதே வடமொழி முன்னொட்டைத் தமிழ் 'அமைப்பு' என்பதோடு ஒட்டிய கலப்புச்சொல். பொருள் மயக்கமும் அப்படியே தொடர்கிறது. 'புனருத்தாரணம்' தாழ்ந்ததைத் தூக்கி நிறுத்துதல் என்ற நல்ல கருத்தை உடையது, ஆனால் அது கோயிலோடும் கும்பாபிஷேகத்தோடும் இறுகிவிட்டது. 'புதுப்பித்தல்' தமிழ்தான், எனினும் சாரதி அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கும்போது பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கி வருகிறோம். பழையது கையில் தங்குவதில்லை.

இவை எல்லாவற்றையும்விடப் பொருத்தமான சொல் தமிழில் முன்னரே உண்டு. அது 'புதுக்குதல்'. 'புது' என்னும் அடியிலிருந்து வந்த இவ்வினைக்குப் பழுதுற்றதைச் செப்பமாக்குதல் என்பதே பொருள். கோயில் முதலியவற்றைப் பழுதுபார்ப்பதற்கென விடப்பட்ட நிலக்கொடையைக் கல்வெட்டுகள் 'புதுக்குப்புறம்' என்கின்றன. பின்னொரு நாள் பழுதுவரும், அதைப் பார்க்க ஒரு வருவாய் வேண்டும் என்று எண்ணி நிலம் ஒதுக்கிய மனிதர்களின் சொல் அது. திறப்புவிழாவோடு கட்டடத்தை மறந்துவிடுகிற நமக்கு, அந்த ஒரு சொல்லே பெரிய பாடமாக எனக்குத் தோன்றுகிறது.

மண்டபத்தைப் பார்க்க வந்த வயதான மேசன் ஒருவர், கடற்காற்றின் உப்பு உள்ளிறங்கித் துருவேறிய கம்பி ஊதிப் பருத்து, கொங்கிறீட்டைப் பொரியச் செய்திருந்த தூணொன்றைச் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்த்தார். பொரிந்த இடம் பொள்ளலாகவும் நல்ல இடம் கணீரென்றும் ஒலித்தன. "தம்பி, இது திருத்துற வேலை, கட்டுற வேலை இல்ல" என்றார். பொரிந்ததைக் கொத்தியெடுத்து, கம்பியின் துருவை நீக்கி, மீண்டும் வார்த்தால் தூண் நிற்கும் என்பது அவர் கருத்து. அவர் சொன்ன 'திருத்துதல்', ஏடுகளில் உள்ள 'புதுக்குதல்' இரண்டும் ஒரே நோக்குடையவை. சீமெந்துக்காகச் சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 1450 பாகை செல்சியஸில் சுட வேண்டும். அந்த எரிபொருளும் அதிலிருந்து எழுந்த புகையும் இம்மண்டபத்தைப் பொறுத்தவரை எழுபது ஆண்டுகளுக்கு முன்பே செலவாகிவிட்டன. இடித்தால் அதே செலவை மறுபடி செய்ய வேண்டும். அக்காலத்தில் கட்டியவர்கள் மின்விசிறியை நம்பிக் கட்டவில்லை. எதிரெதிர்ச் சுவர்களில் யன்னல், துளையிட்ட சீமெந்துக் கற்கள், அகன்ற தாழ்வாரம் என்பவற்றால் கச்சான் என்னும் வெப்பக்காற்று வீசும் மாதங்களிலும் உள்ளே உட்கார முடிந்தது. 1978 நவம்பர் சூறாவளியில் ஓடு பறந்த பிறகு போட்ட தகரக்கூரைதான் அந்தக் குளிர்ச்சியைக் கெடுத்தது.

இத்தகைய வேலையைக் குறிக்க அரச ஆவணங்களில் 'நிலைபேறான' (sustainable) என்ற அடைமொழி வழங்குகிறது. 'பேறு' என்பது பெற்று முடிந்ததைச் சொல்வது. சிலர் எழுதும் 'நிலைபேண்தகு' என்பதையே நான் விரும்புகிறேன். 'பேண்' என்ற வினை அதில் இருப்பதால், ஆண்டுதோறும் பீலியைத் துப்புரவாக்கி மழைநீரைத் தொட்டிக்கு அனுப்புகிற கையும் அச்சொல்லுக்குள் வந்துவிடுகிறது.

'விஸ்தரிப்பு' என்பதற்கு 'விரிவாக்கம்' போதும். எங்கள் மக்கள் வீட்டோடு சேர்த்துச் சாய்கூரை போடுவதைப் 'பத்தி இறக்குதல்' என்பார்கள். பழைய கட்டடத்தின் சுவரில் சாய்ந்து, அதைவிடத் தாழ்ந்து நிற்பதே பத்தி. மண்டபத்தின் மேடை ஒரு பக்கம் மட்டும் திறந்தது. வடமோடி, தென்மோடி என்னும் எங்கள் கூத்துகளுக்குச் சுற்றிவர ஆட்கள் இருந்து பார்க்கும் வட்டமான ஆடுகளமாகிய வட்டக்களரி வேண்டும். வாவிப் பக்கமாகப் பத்தி இறக்கி, அதன் முன்னால் மணல் பரப்பிய களரி ஒன்றை விட்டால், தேவையான விரிவாக்கம் அதுவே. பலகையில் 'கலாசார மண்டபப் புதுக்குப்பணியும் களரி விரிவாக்கமும்' என்று எழுதியிருந்தால், இடிக்கப் போகிறார்களா என்று எவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.