பக்கத்து வீட்டுக் குழம்பும் முகதாட்சண்யமும்

ஒரே வாரத்தில் இரண்டு அம்மாக்கள் ஒரே குறையோடு வந்தார்கள். பையன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, திங்கட்கிழமை ராத்திரி வாந்தி எடுத்ததிலிருந்து இப்படித்தான். முகவரியைப் பார்த்தால் இருவரும் கோவையில் ஒரே அடுக்ககம், ஒரே மாடி.

"அன்னைக்கு ராத்திரி என்ன சாப்பிட்டான்?"

"எலுமிச்சை சோறுங்க. எங்க வீட்டுல செய்யல, எதிர் வீட்டு முறை."

அப்படித்தான் அந்தச் 'சாப்பாட்டுச் சீட்டு' எனக்குத் தெரியவந்தது. நாலு வீடு. திங்கள் முதல் வியாழன் வரை ஆளுக்கு ஒரு நாள் நாலு வீட்டுக்கும் சேர்த்து இரவுச் சாப்பாடு சமைத்து, கேரியரில் வைத்துக் கதவைத் தட்டிக் கொடுத்துவிட வேண்டும். வெள்ளி, சனி, ஞாயிறு அவரவர் அடுப்பு. பணம் கைமாறுவதில்லை. ஒரு நாள் பதினைந்து பேருக்குச் சமைத்தால் மூன்று நாள் மாலை நேரம் மிச்சம்.

உணவியல் ஆலோசகராகப் பல வருடம் உட்கார்ந்த அனுபவத்தில் சொல்கிறேன், இந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கும். வேலையிலிருந்து ஏழு மணிக்கு வந்து செயலியில் பரோட்டா வரவழைப்பதைவிட எதிர் வீட்டுக் கீரைக் கூட்டு எவ்வளவோ மேல். 2024-இல் எடுத்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். அந்த 289-ஐக் குறைக்கும் எதையும் நான் எளிதில் குறை சொல்ல மாட்டேன். (சீட்டில் நாலு பெயரும் பெண்கள் பெயராகவே இருந்தால் மட்டும் ஒரு வார்த்தை கேட்பேன்.)

என் கவலை வேறு. ஓட்டலில் சாம்பார் புளித்திருந்தால் சர்வரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறோம். நம் வீட்டுக் குழம்பு என்றால் மூஞ்சியைச் சுளிக்கிறோம். அடுத்த வீட்டுக்காரர் கொடுத்தது என்றால்? அந்த இரண்டு அம்மாக்களும் எதிர் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "எப்படிங்க சொல்றது? பாவம், பதினஞ்சு பேருக்குச் செஞ்சு கொடுத்திருக்காங்க." ஒருவர் வீட்டில் வாந்தி என்று மற்றவருக்கும் தெரியாது. இருவரும் அதைத் தங்கள் பிள்ளையின் வயிற்றுக் கோளாறு என்றே நினைத்திருந்தார்கள்.

விசாரித்ததில் தெரிந்தது இவ்வளவு. சோறு மதியம் இரண்டு மணிக்கு வடித்தது. பெரிய பாத்திரத்தில் மூடியபடி மேடையிலேயே இருந்திருக்கிறது. ஏழு மணிக்குத் தாளித்துக் கொட்டி, எலுமிச்சை பிழிந்து, எட்டு மணிக்குச் சாப்பாடு. பத்தரைக்கு வாந்தி. ஆய்வகத்துக்கு எதுவும் போகவில்லை, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நேரக்கணக்கு கச்சிதமாகப் பொருந்துகிறது. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்றொரு கிருமியின் வித்துகள் இருக்கும். கொதியிலும் அவை சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் முளைத்துப் பெருகி ஒரு நச்சை விடும். சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி. அந்த நச்சு சூட்டுக்கு அசையாது. எத்தனை முறை சுட வைத்தாலும் அப்படியே இருக்கும். எலுமிச்சைச் சாறு ஏழு மணிக்குத்தானே வந்தது, அதற்குள் வேலை முடிந்திருக்கும்.

"பழைய சோறு தின்னுதானே வளர்ந்தோம்?" என்று இந்த இடத்தில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். பழைய சோற்றில் நிறையத் தண்ணீர் ஊற்றுகிறோம். அதில் புளிப்பு ஏற ஏற மற்றக் கிருமிகளுக்கு இடமில்லாமல் போகிறது. மூடிய பாத்திரத்தில் வெதுவெதுவென்று கிடக்கும் வெறும் சோறு பழைய சோறாகாது. அது வேறு சமாசாரம்.

நாலு பேருக்குச் சமைத்த கைக்குப் பதினைந்து பேர் அளவு புதிது, சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. சின்னச் சட்டியில் குழம்பு அரை மணியில் ஆறிவிடும். பெரிய குண்டானில் நடுப்பகுதி பல மணி நேரம் ஆறாது. கறிக்குழம்புக்கு இது இன்னும் மோசம். கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற கிருமி அந்த இளஞ்சூட்டில் சுமார் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிக்கக் கூடியது. வயிற்றைப் பிசைந்துகொண்டு போவது மறுநாள்தான் என்பதால் முந்தைய இரவுக் குழம்பை யாரும் சந்தேகிப்பதில்லை.

உலக சுகாதார நிறுவனம் சொல்வது எளிது: சமைத்ததை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதே, பரிமாறும்வரை 60 டிகிரிக்கு மேலே வை, அல்லது சீக்கிரம் ஆற்றி 5 டிகிரிக்குக் கீழே கொண்டுபோ. நம் சமையலறை வழக்கில் சொன்னால், மாலையில் சமைத்து நேராகக் கேரியருக்குப் போகட்டும். மதியமே செய்தாக வேண்டும் என்றால் சோற்றைத் தாம்பாளத்தில் பரப்புங்கள், குழம்பை இரண்டு மூன்று அகலப் பாத்திரமாகப் பிரித்துத் தண்ணீர்த் தட்டில் நிறுத்துங்கள், ஆறியதும் ஃபிரிட்ஜ். கொடுக்கும் முன் கொதிக்கக் கொதிக்கச் சுட வையுங்கள். ஹாட்பேக்கை நம்பிப் பிரயோசனமில்லை. அது சூட்டைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும், உண்டாக்காது. எட்டு மணிக்கு வந்த ஹாட்பேக்கைப் பத்தரைக்கு வரும் வீட்டுக்காரருக்காக மேசையிலேயே விட்டு வைப்பது நான் அடிக்கடி கேட்கும் கதை.

வயிற்றுப்போக்கைவிட எனக்கு பயம் தருவது சர்க்கரை நோய்க்கான மருந்துதான். மருந்து உள்ளே போய்ச் சாப்பாடு வராவிட்டால் இரத்தத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும். இன்னொரு குடும்பம், இன்னொரு குழு. தாத்தாவுக்கு இன்சுலின். ஏழரைக்குச் சாப்பாடு வரும் என்று ஏழு மணிக்கு ஊசி போட்டுக்கொண்டுவிட்டார். அன்றைக்குச் சமைக்க வேண்டியவர் போக்குவரத்தில் மாட்டி, கேரியர் வந்தது ஒன்பது மணிக்கு. எட்டேகாலுக்கே அவருக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சு குழறியிருக்கிறது. மருமகள் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்ததால் பிழைத்தார். "போன் பண்ணிக் கேட்க வேண்டியதுதானே?" என்றேன். "சாப்பாடு எங்கேன்னு கேட்டா பிச்சை கேட்கிற மாதிரி இருக்காதுங்களா?" என்றார் பெரியவர்.

இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரையோ எடுப்பவர் இருக்கும் வீட்டில், கேரியர் கண்ணுக்குத் தெரிந்த பிறகே மருந்து எடுக்கும் வழக்கம் சரிப்படுமா என்று மருத்துவரிடம் பேசிவிடுங்கள். எட்டு மணி தாண்டினால் வீட்டிலேயே இரண்டு தோசை ஊற்றிக்கொள்வோம் என்பதும் முதல் நாளே பேச வேண்டிய பேச்சு.

அப்புறம் உப்பு. நல்ல எண்ணத்தோடு ஒருவர் எல்லாருக்கும் 'சோடியம் குறைவான உப்பு' போட்டுச் சமைத்தார். அந்த உப்பில் சோடியத்துக்குப் பதிலாக ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு. இரத்த அழுத்தக்காரருக்கு உதவும். சிறுநீரகம் பழுதானவருக்குப் பொட்டாசியம் ஏறி இதயத்துடிப்பையே குலைக்கலாம். அந்த மாடியில் அப்படி ஒருவர் இருந்தார். சமைத்தவருக்குத் தெரியாது. நோயை வெளியில் சொல்ல வேண்டாம் என்று அவர் வீட்டில் முடிவு.

நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. "எங்களுக்கு இது ஆகாது" என்றால் போதும். குருமாவுக்கு முந்திரி அரைத்த மிக்ஸி ஜாரின் பிளேடுக்கு அடியில் விழுது தங்கும் என்பதால், கடலை, முந்திரி ஒவ்வாமை உள்ள குழந்தை இருந்தால் ஜாரைப் பற்றியும் பேச வேண்டும். கோதுமை ஆகாதவர்களுக்கு ஒன்று: கடையில் வாங்கும் பெருங்காயம் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்ததுதான். சப்பாத்தியைத் தவிர்த்துவிட்டு ரசத்தில் மாட்டிக்கொள்வார்கள்.

எல்லாக் குழுவிலும் பேசப்படாத ஒன்றும் உண்டு. "அவங்க வீட்டுச் சுத்தம் எப்படியோ" என்று இழுப்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பேன்: கை கழுவுவதைப் பார்த்தீர்களா, ஃபிரிட்ஜைப் பார்த்தீர்களா? பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டார்கள். அந்தச் 'சுத்தம்' கிருமியைப் பற்றியதல்ல. அது எதைப் பற்றியது என்று நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அதற்கு என்னிடம் உணவியல் பதில் இல்லை.

திரும்ப அந்த நாலு வீட்டுக்கு வருகிறேன். அம்மாக்கள் இருவரையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசினேன். எதிர் வீட்டுக்காரரிடம் சொல்லியே ஆக வேண்டும், ஆனால் குற்றமாகச் சொல்லக்கூடாது. கடைசியில் அவர்களே ஒரு வழி கண்டார்கள். சமைத்தவர் கேரியர் மேல் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டுவார்: எத்தனை மணிக்கு இறக்கியது, என்னென்ன போட்டது. வாங்கியவர் மறுநாள் காலைக்குள் வாட்ஸாப்பில் ஒரு வரி கட்டாயம் எழுத வேண்டும்: உப்பு எப்படி, காரம் எப்படி, எல்லாருக்கும் வயிறு சரியா. எல்லாரும் எழுத வேண்டும் என்பதால் யார் எழுதினாலும் புகாராகத் தெரியாது. முதல் வாரம் எல்லாரும் 'சூப்பர்' போட்டார்கள். இரண்டாம் வாரம் ஒரு பாட்டி, பேத்தியை விட்டுத் தட்டச்சு செய்ய வைத்து, "ரசம் கரிச்சது" என்று அனுப்பினார். அதற்குப் பிறகுதான் உண்மை வரத் தொடங்கியது.

இன்னும் ஒன்று மிச்சமிருந்தது, சமைக்கிறவருக்கே உடம்பு சரியில்லாத நாள். முறையை விட்டுக்கொடுக்க வெட்கப்பட்டு, பேதியோடு நின்று சமைத்தவர்களை எனக்குத் தெரியும். வாந்தி பேதி நின்ற பிறகும் 48 மணி நேரம் பிறருக்குச் சமைக்கக் கூடாது. அதற்குக் காரணம் கேட்காத லீவு வேண்டும், மாற்று ஆள் தேடும் தொல்லையும் இருக்கக்கூடாது. அந்த மாடியில் இப்போது ஒருவர் குழுவில் 'மாவு' என்று ஒற்றைச் சொல் போட்டால் போதும். நாலு வீட்டு ஃபிரிட்ஜிலும் எப்படியும் தோசை மாவு இருக்கிறது. அன்றைக்கு அவரவர் கல்லில் அவரவர் தோசை.