குகை நெற்றியில் ஒரு காடி

மதுரைக்கு அருகே மாங்குளத்திலோ அரிட்டாபட்டியிலோ குகைத்தளத்துக்கு ஏறுகிறவர்கள் முதலில் தேடுவது தமிழி (தமிழ் பிராமி) எழுத்தைத்தான். அதற்கு முன் கொஞ்சம் அண்ணாந்து பாறையின் நெற்றியைப் பாருங்கள். குகை வாய்க்கு மேலே உளியால் வெட்டிய நீண்ட பள்ளம் ஒன்று ஓடும். அதுதான் காடி.

முகட்டிலிருந்து வழியும் மழைநீர் விளிம்பிலேயே சொட்டிவிடாது. கல்லோடு ஒட்டிக்கொண்டு, வளைந்த அடிப்பரப்பு வழியாக உள்ளே ஊர்ந்து, துறவிகளுக்காகப் பாறையில் வெட்டிய கற்படுக்கையை நனைக்கும். காடியின் கூரிய விளிம்பில் அந்தப் பிடி அறுகிறது. பள்ளத்தைத் தாண்ட நீர் மேல்நோக்கி ஏற வேண்டும். அதன் எடை விடாது, அங்கேயே சொட்டிவிடும். வீட்டு சன்ஷேடின் அடியில் கொத்தனார் இழுத்துவிடும் கோடும் இதே வேலையைத்தான் செய்கிறது.

கருங்கல்லுக்கும் ஈரம் ஆகாது. அதிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் நீரோடு வினைபுரிந்து களிமண்ணாகும். குவார்ட்ஸ் மணிகள் பிடி தளர்ந்து உதிரும். மேல்தோல் வெங்காயச் சருகுபோல் கழலும். எழுத்தின் ஆழமோ சொற்பம். மாங்குளத்தில் பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பெயர் வரும் கல்வெட்டுகளை 1882-ல் ஆங்கிலேய அதிகாரி ராபர்ட் சீவல் கண்டறிந்தார். ஈராயிரம் ஆண்டு தாண்டிய அந்த எழுத்துக்கு, தோல் ஒரு பொருக்கு கழன்றாலே ஆபத்து.

ஆகவே முதல் பராமரிப்பு காடிக்குத்தான். மழைக்காலத்துக்கு முன் அதில் அடைந்த மண்ணையும் சருகையும் மூங்கில் குச்சியால் எடுத்துவிட வேண்டும். வெடிப்பில் முளைத்த அரச, ஆலங்கன்றுகளை வேர் பருக்குமுன் அகற்ற வேண்டும். வெடிப்பை சிமென்ட் வைத்து அடைப்பது நல்லெண்ணத்தில் செய்யும் கெடுதல்: சிமென்டின் உப்பு நீரில் கரைந்து பாறைத் தோலுக்குள் போய், காயும்போது படிகமாகிப் பொருக்கைத் தள்ளும். இரும்புக் கம்பியைப் பாறையில் துளையிட்டு நட்டாலும் இதே கதைதான். துரு பருத்துக் கல்லைப் பிளக்கும்.

'எழுத்து தெரியட்டும்' என்று வெள்ளை பெயின்ட் பூசுவது இவற்றிலும் மோசம். தமிழியில் புள்ளிக்குப் பொருள் உண்டு. இயற்கையான குழி ஒன்றில் தூரிகை பட்டால் அது புள்ளியாகிவிடும், வாசிப்பே மாறும். எழுத்து தெரிய டார்ச்சைப் பாறையை ஒட்டிச் சாய்வாகப் பிடித்தால் போதும். பள்ளங்களில் நிழல் விழும்.

ஏற்கெனவே பூசிய எண்ணெய் பெயின்டை எடுப்பது பயிற்சி பெற்றவர் வேலை. காகிதக் கூழில் பெயின்ட் நீக்கியைக் குழைத்து அப்பி, பாலிதீனால் மூடி ஊறவிட்டு, இளகியதை மரக்குச்சியால் வழிக்க வேண்டும். எழுத்தில்லாத இடத்தில் உள்ளங்கை அளவு செய்துபார்த்த பிறகே எழுத்துக்கு வர வேண்டும். கம்பி பிரஷ் வேண்டாம். அதன் துகள் துருப்பிடிக்கும். அமிலம் தொட்டால் கல்லின் இரும்புச்சத்து கசிந்து மஞ்சள் கறை விழும். பாறைப்பாசியை உலர்ந்த நிலையில் சுரண்டினால் கல் மணியும் கூடவே பெயரும். எழுத்தை மறைக்காத பாசியை விட்டுவிடலாம்.

அரிட்டாபட்டியில் இன்னொரு கணக்கும் உண்டு. அங்கும் மீனாட்சிபுரத்திலுமாக 193.215 ஹெக்டேர், 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. அந்தப் பாறை இடுக்குகளில் வல்லூறு கூடு வைக்கிறது. பராமரிப்பு வேலைக்குச் சாரம் கட்டும் நாளைக் குறிக்கும் முன், கூட்டில் குஞ்சு இருக்கிறதா என்று தொலைநோக்கியில் பார்த்துவிட வேண்டும்.