‘மாடல்’ என்பவரை எப்படி அழைப்பது?

கும்பகோணத்தில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து நடத்தும் ஞாயிற்றுக்கிழமை ஓவிய வகுப்புக்கு, நாங்கள் பார்த்து வரைவதற்காக ஒரு அக்கா வந்து உட்காருவார். மற்ற நாட்களில் பூக்கட்டுகிறார். போன தை மாதம் ஒரு விண்ணப்பத்தைக் கையில் பிடித்தபடி வந்தார். “தம்பி, தொழில்னு ஒரு கட்டம் போட்டுருக்கு. பூக்கட்டறதுன்னு எழுதிட்டேன். இதுலயுந்தான காசு வருது, இதையும் எழுதணும்ல? இதுக்கு என்னா பேரு?” நான் பேனாவை வாங்கி ‘மாடல்’ என்று எழுதினேன். அவர் மகள் எட்டிப் பார்த்தாள். “அம்மா, நீ மாடலா!” என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அக்காவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அந்தச் சொல்லின் மேல் ஒரு கோடு இழுத்துவிட்டார்.

அவர் அடித்தது சரிதான் என்று அப்புறம் தோன்றியது.

ஓவியர்கள் வழக்கில் மாடல் என்றால், பார்த்து வரைவதற்காகக் கூலி பெற்றுக்கொண்டு, சொன்ன நிலையில் சொன்ன நேரம் அசையாமல் இருப்பவர். அழகாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சுருக்கம் விழுந்த கழுத்தும் நரம்பு புடைத்த கையும் உள்ளவர் கிடைத்தால் வரைகிறவர்களுக்குக் கொண்டாட்டம். இங்குள்ள அரசு கவின்கலைக் கல்லூரிப் பக்கம் பழகியவர்களுக்கு ‘லைஃப் ஸ்டடி’, ‘சிட்டிங்’, ‘போஸ்’ எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. கடைத்தெருவுக்கு வந்தால் கதை வேறு. “இதே மாடல்ல ரெண்டு பவுன்ல காட்டுங்க” என்பது நகைக்கடை மாடல். “வண்டி எந்த மாடல்?” என்றால் தயாரான வருஷம். பள்ளிப் பிள்ளைகளுக்கு மாடல் எக்ஸாம். ஆளைக் குறிக்க வேண்டுமானால் ஜவுளிக்கடைப் பலகையில் பட்டுப்புடவையோடு சாய்ந்து நிற்கும் பெண். அந்தப் பெண்ணை நினைத்துத்தான் மகள் சிரித்தாள்.

மாடல் வருவதற்கு முன்னால் நம் கடைத்தெருவில் மோஸ்தர் இருந்தது. போர்த்துக்கீசிய ‘மோஸ்த்ரா’விலிருந்து வந்த சொல். 16ஆம் நூற்றாண்டில் நாகப்பட்டினத்தில் அவர்கள் வணிகம் செய்ததை நினைத்தால், எங்கோ பக்கத்தில்தான் கரையேறியிருக்கும். பாரசீகத்திலிருந்து வந்த நமுனா அலுவலகக் காகிதங்களில் ஒட்டிக்கொண்டது. இரண்டுமே சரக்கைக் குறிக்கும் சொற்கள். ஆளை யாரும் மோஸ்தர் என்று கூப்பிட்டதில்லை.

மாடலின் வேருக்குப் போவோம். லத்தீனில் ‘மோதுஸ்’ என்றால் அளவு. முறை, விதம் என்றும் பொருள். அதைச் சிறிதாக்கினால் ‘மோதுலுஸ்’, அதாவது சிற்றளவு. கி.மு. முதல் நூற்றாண்டில் ரோமாபுரிக் கட்டடக்கலைஞர் விட்ருவியஸ் தூணின் பருமனை ஒரு மோதுலுஸாக வைத்துக்கொண்டு கோயிலின் மற்ற அளவுகளைக் கணக்கிடச் சொன்னார். இத்தாலியில் அது ‘மொதெல்லோ’ ஆனது: கட்டடத்தையோ சிலையையோ பெரிதாகச் செய்யும்முன் மரத்திலும் மெழுகிலும் களிமண்ணிலும் செய்துபார்க்கும் சிற்றுரு. அங்கிருந்து பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. ஓவியர் முன் நிற்கும் ஆள் என்ற பொருள் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தலைகாட்டுகிறது. உடை உடுத்திக் காட்டுபவர் என்ற பொருளுக்கு 20ஆம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. ஆக, வரிசையில் கடைசியாக வந்தவர் முன்னால் நின்றவரைத் தள்ளிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். (மாடர்ன் என்ற சொல்லும் இதே குடும்பம். மடல் மட்டும் இல்லை. தலைவியின் உருவத்தைத் துணியில் எழுதிப் பிடித்துக்கொண்டு பனைமடல் குதிரையில் ஏறும் சங்கத் தலைவனை நினைத்து, மடல்தான் மாடல் ஆயிற்றோ என்று ஒரு மத்தியானம் முழுக்க நானும் சபலப்பட்டேன். ஒலி ஒத்துப்போனதைத் தவிர உறவு எதுவும் கிடையாது.)

அளவு, முறை, சிற்றுரு என்று லத்தீன்காரன் ஒரு சொல்லுக்குள் வைத்த மூன்றையும் காவிரிக்கரையில் ஒரே எழுத்துக் கூட்டம் தூக்கிச் சுமக்கிறது: படி. நெல் அளக்கும் படி, அளவு. ‘சொன்னபடி’, ‘அப்படி’, ‘எப்படி’ என்பவற்றில் முறை. ‘இன்னொரு படி எடு’ என்றால் நகல். படிமம், படிவம் என்று நீண்டால் உருவம். இது வேர் ஒன்று என்பதால் வந்த ஒற்றுமை இல்லை. நகல் என்ற படியை வடமொழிப் ‘பிரதி’யோடு சேர்ப்பவர்கள் உண்டு, ‘படிதல்’ என்ற வினையிலிருந்து கொண்டுவருபவர்களும் உண்டு. அந்த வழக்கு இங்கே வேண்டாம். அளவிலிருந்து உருவத்துக்குப் போகும் பாதை இரண்டு மொழியிலும் இருப்பதே எனக்குப் போதும். அக்கா ஏறி உட்காரும் மரமேடையும் ஒரு படிதான். அவர் வாங்கும் காசையும், பயணப்படி பஞ்சப்படி என்கிறோமே, அந்தக் கணக்கில் படி என்றே சொல்லலாம்.

அப்படியானால் படியில் நிற்கும் ஆளை ‘படியாள்’ என்றுவிடலாமே என்று யாராவது துள்ளினால், பழைய தஞ்சை ஜில்லாக்காரர் ஒருவரும் அதை ஏற்க மாட்டார். படியாள் என்றால் கூலிக்கு நெல்லை அளந்து வாங்கிக்கொண்டு பண்ணையில் கட்டுண்டு கிடந்தவர். 1952இல் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த மண் இது. அந்தச் சொல்லின் மேல் இன்னும் சேறு காயவில்லை.

அடுத்த வேட்பாளர் ‘உருப்படி’. உரு, படி: எழுத்துக்கு எழுத்து உருவ மாடல் என்றே பொருள் கொள்ளலாம். ஆனால் சலவைக்குப் போடும்போது “பன்னெண்டு உருப்படி” என்று எண்ணுவது துணியை. கச்சேரியில் உருப்படி என்றால் கீர்த்தனை. ஆளைக் குறித்தால் அடிதடியில்தான் முடியும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த அக்காவைப் பார்த்து அவர் கொழுந்தன் கேட்ட கேள்வி, “உருப்படியா ஒரு வேலை பாக்கக் கூடாதா அண்ணி?”

அகராதிகள் நீட்டுவது ‘மாதிரி’. தெலுங்கு, கன்னடம், மலையாளம் என்று பக்கத்து வீடுகளிலும் சின்ன மாற்றத்தோடு புழங்கும் சொல். மாதிரிப் பள்ளி, மாதிரித் தேர்வு என்று பொருளுக்கு நன்றாகவே பொருந்துகிறது. ஆளுக்குப் பொருந்தாது. “மாதிரி வந்தாச்சா?” என்று கேட்டால் மண் பரிசோதனைக்குக் கொண்டுவந்த மண்ணைக் கேட்பதுபோல இருக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், முன்னால் ‘ஒரு’ சேர்ந்தால் வருகிறது. “அவங்க ஒரு மாதிரி” என்று நம் ஊரில் குரலைத் தாழ்த்திச் சொல்வதற்கு என்ன அர்த்தம் என்று விளக்க வேண்டியதில்லை. பிறர் பார்க்கத் தன் உடம்பை அசையாமல் வைத்துச் சம்பாதிக்கும் பெண்ணுக்கு ஊர் ஏற்கெனவே ஒட்டக் காத்திருக்கும் சீட்டு அது. தமிழ்ப்படுத்துகிறோம் என்று நாமே எழுதிக் கொடுக்கக் கூடாது.

மாடல் என்றதும் “துணி இல்லாமலா?” என்று கேட்பவர்கள் உண்டு. ஐரோப்பியக் கலைக்கழகங்களில் ஆடையற்ற உடலைப் பார்த்து வரைவது பாடத்தின் நடுத்தூணாக இருந்தது. பிரெஞ்சில் ‘அகாதெமி’ என்றாலே அப்படி வரைந்த படத்துக்கும் பெயர். 1768இல் தொடங்கிய லண்டன் ராயல் அகாதெமியின் நிறுவன உறுப்பினர்களில் ஏஞ்சலிக்கா காஃப்மன், மேரி மோசர் என்று இரண்டு பெண் ஓவியர்கள். உறுப்பினர்கள் மாடலைச் சுற்றிக் கூடியிருப்பதாக ஸோஃபனி வரைந்த ஓவியத்தில் இவர்கள் இருவரும் சுவரில் மாட்டிய படங்களாக மட்டும் இருக்கிறார்கள். பெண்கள் அந்த அறைக்குள் நிற்பதே தகாது! அங்கே மாணவிகளை அந்த வகுப்பில் சேர்க்க 1893 வரை ஆனது. எங்கள் வகுப்பில் அக்கா கண்டாங்கிப் புடவையில் உட்காருகிறார். மடிப்பு வரைவதற்கு அந்தப் புடவை ஒரு பாடம்.

நம் பக்கத்துச் சிற்பிக்கு எதிரில் ஆள் வேண்டியிருக்கவில்லை என்பார்கள். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சுவாமிமலைப் பட்டறைகளில் இன்றும் பார்க்கலாம். தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, தாளம் என்ற சிற்ப அளவுக் கணக்குப்படி மடித்து மடித்துக் குறி வைப்பார்கள். அதற்கு ஓடியோலை என்று பெயர். உத்தம தசதாளத்தில் உயரம் 124 பங்கு, நவதாளத்தில் 108. நவதாளத்தில் முகத்தின் நீளம் 12 பங்கு, அதுவே ஒரு தாளம். மெழுகில் உரு பிடித்து, காவிரி வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகத்தை ஊற்றுகிறார்கள். சொல்லின் வேரை வைத்துப் பார்த்தால், மோதுலுஸ் என்ற பெயருக்கு முதல் உரிமை அந்த ஓலைத்துண்டுக்குத்தான். மொதெல்லோ அந்த மெழுகு உரு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் செப்புத் திருமேனிகளைச் சொல்லும்போதும் ‘பாதாதிகேசாந்தம்’ இத்தனை விரல் உயரம் என்று அளவுதான் முதலில் வருகிறது. அடியிலிருந்து முடிவரை என்று அர்த்தம். கடவுளுக்கு மட்டும் என்றில்லை, ராஜராஜனுக்கும் உலோகமாதேவிக்கும் அங்கே செப்புப் படிமம் எடுத்திருக்கிறார்கள்.

ஆனாலும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கும்பகோணம் நாகேசுவரன் கோயில் கருவறைச் சுவரில் நிற்கும் முற்காலச் சோழப் பெண்களைப் போய்ப் பாருங்கள். ஒருத்தி உதடு இன்னொருத்திக்கு இல்லை. இடுப்பில் பாரத்தை ஒரு காலுக்கு மாற்றியதும் தோள் இறங்கும் விதம் ஓலையை மடித்து வருவது இல்லை. யாரோ கொஞ்ச நேரம் நின்றிருக்கிறாள், அல்லது தண்ணீர்க்குடத்தோடு போனவளைச் சிற்பி வைத்த கண் வாங்காமல் பார்த்திருக்கிறான். எதிர்ச்சாட்சியும் சொல்லிவிடுகிறேன். தஞ்சை அரண்மனையிலிருக்கும் இரண்டாம் சரபோஜியின் பளிங்குச் சிலையைச் செய்த ஆங்கிலச் சிற்பி ஃபிளாக்ஸ்மன் இந்தியாவுக்கு வந்ததே இல்லை.

இனி ‘போஸ்’. இதன் மூலமான பிந்தைய லத்தீன் வினைக்கு ‘நிறுத்து, ஓய்வெடு’ என்று பொருள். இருபது நிமிஷம் உட்கார்ந்து எழுந்தவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். முதலில் ஒன்றிரண்டு நிமிஷ நிலைகள், கை சூடேற. பிறகு இருபது, இருபத்தைந்து நிமிஷம், நடுவே இடைவேளை. எழுந்து போகும்முன் பாதத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டுவிட வேண்டும், திரும்ப அதே இடத்தில் வைக்க. நிற்கும்போது முழங்காலைப் பின்னுக்கு இறுக்கி வைத்தால் மயக்கம் வரும், லேசாக மடக்கி வைக்க வேண்டும். கண்ணுக்கு ஒரு ஆணி, ஒரு ஜன்னல் கம்பி தேவை. அக்கா பார்ப்பது எங்கள் சுவரில் பழைய நாள்காட்டியில் இருக்கும் சாரங்கபாணிப் பெருமாளை.

சொல்லும் அங்கேயே இருக்கிறது. சாரங்கபாணி கிடந்த கோலம். நாலு மைல் தள்ளி ஒப்பிலியப்பன் நின்ற கோலம். நின்றது, இருந்தது, கிடந்தது என்று ஓவிய வகுப்பின் மூன்று அடிப்படை நிலைகளையும் வைணவர்கள் என்றோ பிரித்து வைத்துவிட்டார்கள். அதனால் போஸுக்குக் ‘கோலம்’ பழுத்த சொல். வாசலில் போடுவதும் கோலம், உடம்பு நிற்பதும் கோலம். வரைவதையும் வரையப்படுவதையும் ஒரே பெயரில் சொல்லும் வசதி வேறு எங்கே கிடைக்கும்? ‘நிலை’ அதைவிட எளிது. தேர் ஊரைச் சுற்றி ஆடி அசைந்து வந்து நிற்கும் இடத்தையும் நிலை என்கிறோம். “தேர் நிலைக்கு வந்தாச்சா?” என்ற குரலில் இருக்கும் நிம்மதி, ஆடிக்கொண்டிருந்த ஒன்று அசையாமல் நின்றதற்கான நிம்மதி.

எனவே என் கட்சி இது. போஸ் என்பதற்கு நிலை. சிட்டிங் என்பதற்கு அமர்வு, ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. மாடல் வெறும் கோட்டோவியத்துக்கு நிற்கிறார் என்றால், அந்த ஓவியத்துக்கு நெடுநல்வாடையிலேயே ‘புனையா ஓவியம்’ என்ற பெயர் உண்டு. ஆளுக்கு ‘நிலையாளர்’. ஆள் என்று நிறுத்தினால் பண்ணையாள் பக்கம் போய்விடும்; ஆளர் என்று நீட்டினால் எழுத்தாளர், தொழிலாளர் பக்கத்தில் உட்காரும். ஆண், பெண் வேறுபாடும் வராது. நானே கட்டிய சொல், அகராதியில் தேட வேண்டாம். சென்னை மெரினாவில் 1959இல் வைத்த உழைப்பாளர் சிலைக்கு, சிற்பி ராய் சௌத்ரி தம் கல்லூரிக் காவலாளி ஒருவரையும் மாணவர் ஒருவரையும் நிற்கவைத்தார் என்று சொல்வார்கள். அந்தக் காவலாளி செய்த இரண்டாவது உழைப்புக்கும் ஒரு பெயர் வேண்டுமல்லவா?

அடுத்த ஞாயிறு அக்காவிடம் சொன்னேன். “நிலையாளரா? கதவு நிலை செய்றவங்களா?” என்றார். ஆசாரிகள் நினைவுக்கு வராமல் போனது என் தவறுதான்.

விண்ணப்பத்தைக் காட்டினார். அடித்த சொல்லுக்குக் கீழே தன் கையெழுத்திலேயே எழுதியிருந்தார்: ‘பூ கட்டுவது, படம் வரைய உட்காருவது.’ கட்டம் போதாமல் ‘உட்காருவது’ மட்டும் கோட்டைத் தாண்டி ஓரத்துக்குப் போயிருந்தது.