அணுவை எண்ணினால் போதுமா?

"சார், மெடிக்கல் ஷாப்ல தண்ணி கலந்து வித்துட்டாங்க."

போன வாரம் ஆய்வகத்தில் முதலாண்டு மாணவி ஒருத்தி சொன்னது. பாட்டிலில் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு என்று போட்டிருக்கிறது. பெர்மாங்கனேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எவ்வளவு செலவாகிறது என்று அளந்து தரம் பார்த்தவளுக்கு (டைட்ரேஷன்) வந்த விடை 1.16 சதவீதம். பியூரெட் (கரைசலை விடும் அளவுக்குழாய்) அளவுகள் மூன்று தடவையும் ஒன்றுபோல. கையில் தப்பில்லை. நோட்டை வாங்கிப் பார்த்தேன். சமன்பாடு தப்பு. இந்தப் பருவத்தில் இது நாலாவது நோட்டு.

அவள் எழுதியிருந்தது இது: 2 பெர்மாங்கனேட், 1 பெராக்சைடு, 6 ஹைட்ரஜன் அயனி சேர்ந்தால் 2 மாங்கனீசு அயனி, 4 தண்ணீர், 3 ஆக்சிஜன். எண்ணிப் பாருங்கள். ஆக்சிஜன் அணு இரு பக்கமும் 10, ஹைட்ரஜன் 8, மின்சுமைகூட +4. "எல்லாம் சரியாத்தானே சார் இருக்கு?"

இல்லை. 3 ஆக்சிஜன் மூலக்கூறுக்கு 6 அணு வேண்டும். ஒரு பெராக்சைடில் இருப்பதோ 2. மீதி 4 பெர்மாங்கனேட்டிலிருந்து பிடுங்கியது! இந்த வினையில் வெளிவரும் ஆக்சிஜன் முழுக்கப் பெராக்சைடு கொடுப்பது. பெர்மாங்கனேட்டின் ஆக்சிஜன் தண்ணீராகத்தான் போகும். பார்த்த மாத்திரத்தில் எண் போட்டு ஒப்பேற்றுவது பத்தாம் வகுப்போடு நிற்கட்டும். அணு சரியாக வந்தால் சமன்பாடு சரி என்று யார் சொல்லிக்கொடுத்தது?

பெர்மாங்கனேட்டில் இருக்கும் மாங்கனீசு, ஆக்சிஜனேற்ற எண் +7-லிருந்து +2-க்கு இறங்க 5 எலக்ட்ரான் வாங்குகிறது. பெராக்சைடு ஒன்று கொடுப்பது 2. இரண்டும் 10-ல்தான் சந்திக்கும். ஆக, 2 பெர்மாங்கனேட்டுக்கு 5 பெராக்சைடு. அப்புறம் 6 ஹைட்ரஜன் அயனி, 8 தண்ணீர், 5 ஆக்சிஜன் எல்லாம் தானாக வந்து உட்காரும்.

எலக்ட்ரான் கணக்கை முதலில் போடுங்கள், அணுவைக் கடைசியில் எண்ணுங்கள். மின்சுமையையும் விடாதீர்கள். இரும்பு அயனி +2-லிருந்து +3 ஆகும் வினையை எடுங்கள். ஒரு பெர்மாங்கனேட்டுக்கு ஒரே ஒரு இரும்பு என்று எழுதி, 8 ஹைட்ரஜன் அயனி சேர்த்தால் அணுவெல்லாம் பொருந்தும். மின்சுமை இந்தப் பக்கம் +9, அந்தப் பக்கம் +5. கார ஊடகம் என்றால் விடையில் ஹைட்ரஜன் அயனி நிற்கக் கூடாது. இரு பக்கமும் ஹைட்ராக்சைடு சேர்த்துத் தண்ணீராக்குங்கள். இன்னொன்று, அமிலம் என்றதும் ஹைட்ரோகுளோரிக் பாட்டிலை எடுக்காதீர்கள், தயவுசெய்து. அதிலிருக்கும் குளோரைடும் பெர்மாங்கனேட்டைத் தின்னும்.

5 பெராக்சைடு வர வேண்டிய இடத்தில் 1 போட்டிருந்தாள், அதனால் விடையை 5-ஆல் பெருக்கச் சொன்னேன். 5.8 வந்தது. பெராக்சைடு இருக்க இருக்கத் தானே சிதையும், அந்த 0.2 ஒன்றுமில்லை.

"கடையில போய் எதுவும் கேட்கலையே?"

"அப்பா நேத்தே போய்ச் சண்டை போட்டுட்டார் சார்."