அறுந்த வலையின் விலை

தாராவியில் எங்கள் தெருவில் வாழும் திருநெல்வேலிக் குடும்பங்கள் பலவும் மீன் வாங்குவதற்கு சயான் கோளிவாடாவுக்கோ மாஹிமுக்கோ செல்வது வழக்கம். எங்கள் வீட்டுக்கு நெடுங்காலமாக மீன் தரும், மும்பையின் மீனவச் சமூகமான கோளியைச் சேர்ந்த பெண்மணியை நாங்கள் மௌசி என்று அழைக்கிறோம். அவர் கூடையில் இப்போதெல்லாம் உள்ளங்கையை விடச் சிறிய வெள்ளை வவ்வால் மீன்கள் அடிக்கடி காணப்படுகின்றன. இவ்வளவு சிறிய மீனை ஏன் பிடிக்கிறார்கள் என்று ஒருமுறை கேட்டேன். “நாம் விட்டால் அடுத்த படகுக்காரர் பிடித்துவிடுவார், பிறகு நமக்கு என்ன மிஞ்சும்?” என்றார். கரையோர மீன்வளப் பாதுகாப்பின் கடினமான முடிச்சு முழுவதும் அந்த ஒரு பதிலில் அடங்கியிருக்கிறது. அந்த முடிச்சை அவிழ்ப்பதற்குப் பணம் எவ்வாறு உதவுகிறது, எந்த இடத்தில் உதவுகிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் மீனின் கணக்கைப் பார்ப்போம். ஒரு மீனின் நீளம் இரு மடங்காகும்போது அகலமும் தடிமனும் ஏறத்தாழ அதே அளவில் பெருகுவதால், அதன் எடை சுமார் எட்டு மடங்காகிறது. எடை கூடக்கூட ஒரு பெண் மீன் சுமக்கும் சினையின் அளவும் கூடுகிறது. ஆகவே, முட்டையிடும் பருவத்தை எட்டாத குஞ்சைப் பிடிக்கும்போது அதன் இன்றைய எடை மட்டுமே கரைக்கு வருகிறது. அது அடைந்திருக்கக்கூடிய எடையும், அது ஈன்றிருக்கக்கூடிய தலைமுறையும் சேர்ந்தே இல்லாமல் போகின்றன. கூட்டிப் பார்த்தால், விட்டுவைப்பதே எல்லோருக்கும் ஆதாயம். ஆனால் விட்டுவைப்பவருக்கு இன்று உறுதியான நட்டம் நேர்கிறது. அதன் பலனோ நாளை கடலில் இருக்கும் எல்லாப் படகுகளுக்கும் பகிர்ந்து போகிறது. மௌசி சொன்னதில் பேராசை எதுவும் இல்லை. தனியொருவராக நின்று பார்த்தால் அது சரியான கணக்குதான். அதனால்தான் அறிவுரை மட்டும் கடலில் செல்லுபடியாவதில்லை என்று நான் கருதுகிறேன். பொதுநன்மைக்காக ஒருவர் ஏற்கும் நட்டத்தை, அது நேரும் இடத்திலேயே பொதுப்பணம் ஈடுசெய்யும்போது மட்டுமே அந்தக் கணக்கு மாறுகிறது.

இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு மகாராஷ்டிரத்திலேயே இருக்கிறது. பங்குனி ஆமைகளும் திமிங்கலச் சுறாக்களும் ஓங்கில்களும் (டால்பின்கள்) 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அவற்றைப் பிடிப்பது குற்றம். ஆனால் வலை இனம் பார்த்து விரிவதில்லை. மீனுக்காக விரித்த செவுள் வலையில் ஆமை சிக்கும்போது அது உயிரோடு இருப்பதற்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. ஆமைக்குச் செவுள் கிடையாது. நுரையீரலால் மூச்சு விடும் உயிரினம் அது. அமைதியாக இருக்கும்போது நெடுநேரம் நீருக்கடியில் தங்க இயன்ற அதே ஆமை, வலையில் சிக்கித் திமிறும்போது உடலில் உள்ள உயிர்வளியை வெகு வேகமாகச் செலவழித்துவிடுகிறது. தசைகளில் லாக்டிக் அமிலம் சேர்கிறது, மேற்பரப்புக்கு வர முடியாமல் மயங்கி, இறுதியில் நீரில் மூழ்கி இறக்கிறது. திமிங்கலச் சுறா செவுளால் சுவாசிக்கும் மீன்தான் என்றாலும், மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டி உண்டு மெதுவாக நீந்தும் அந்தப் பேருடல் வலையைச் சுற்றிக்கொண்டால் தானாக விடுபட முடியாது. இரண்டு நிலையிலும் ஒரே வழி, வலையை அறுப்பதுதான்.

வலையை அறுப்பது என்பது சொல்லும் அளவுக்கு எளிதன்று. வலை ஒரு மீனவக் குடும்பத்தின் முதலீடு. பெரும்பாலும் கடன் வாங்கி வாங்கியது. அறுத்த வலையோடு அன்றைய மீன்பாடும் போய்விடுகிறது, பழுது பார்க்கும் நாட்களில் கடலுக்குப் போகவும் இயலாது. இந்த நிலையில் 2018 டிசம்பரில் மகாராஷ்டிர மீன்வளத் துறையும் வனத்துறையின் மாங்குரோவ் (அலையாத்திக் காடு) பிரிவும் சேர்ந்து ஓர் இழப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கின. பாதுகாக்கப்பட்ட உயிரினத்தை விடுவிப்பதற்காக வலையை அறுக்கும் மீனவருக்கு ரூ.25,000 வரை வழங்கப்படுகிறது. அவர் செய்ய வேண்டியது, விடுவிக்கும் காட்சியைக் கைப்பேசியில் படம் எடுத்து, சேதமான வலையின் விவரத்தோடு விண்ணப்பிப்பதே.

இத்திட்டம் செயல்படும் முறையைச் சற்றுக் கூர்ந்து கவனிக்க வேண்டும். கடலில் நடுநிசியில் நிகழ்வதைக் கண்காணிக்க எந்த அரசிடமும் போதிய ஆட்கள் இல்லை. தண்டனை மட்டும் இருந்தால், ஆமை சிக்கியதை மறைப்பதே மீனவருக்கு நல்லது. இழப்பீடு இருந்தாலோ, அதை வெளிப்படுத்துவது அவருக்கு நல்லது. அதனால் ஒவ்வொரு விண்ணப்பமும் எந்தக் கடற்பகுதியில், எந்த மாதத்தில், எந்த வலையில், எந்த உயிரினம் சிக்கியது என்ற அறிவியல் தரவாகவும் ஆகிறது. ஆய்வுக் கப்பல் அனுப்பித் திரட்ட வேண்டிய செய்தியை மீனவரின் கைப்பேசியே தந்துவிடுகிறது. இந்தத் தொகை பெரிய வலையின் முழு விலைக்கு ஈடாகாது என்பது உண்மை. காலதாமதமின்றிக் கைக்கு வந்தால்தான் அடுத்த முறையும் கத்தி வலையின் பக்கம் திரும்பும். மயங்கிய நிலையில் கிடைக்கும் ஆமையை உடனே கடலில் எறியாமல், பின்பகுதி சற்று உயர்ந்திருக்குமாறு நிழலில் கிடத்தி, உடலை ஈரத்துணியால் மூடி வைத்தால் நுரையீரலில் புகுந்த நீர் வடிந்து மூச்சு திரும்ப வாய்ப்புண்டு. இதைப் படகில் இருப்பவர்களுக்குக் கற்றுத்தரும் பயிற்சிக்கு ஆகும் செலவு மிகச் சிறியது.

குஞ்சு மீன்களைக் காப்பதில் பணம் வேறொரு வழியில் வேலை செய்கிறது. விசைப்படகு பின்னால் இழுத்துச் செல்லும் பை போன்ற வலையான இழுவை மடியின் கடைசிப் பகுதியில்தான் மீன் சேர்கிறது. வழக்கமான வலையின் கண்கள் வைர வடிவில் இருக்கும். படகு இழுக்க, பின்னால் மீனின் எடை கூட, அந்தக் கண்கள் நீளவாக்கில் இழுபட்டு ஏறத்தாழ மூடிக்கொள்கின்றன. கண் சற்றுப் பெரிதாக இருந்தாலும் குஞ்சுகள் பலவும் வெளியேற வழியில்லை. அதே நூலைச் சதுரமாகப் பின்னினால், இழுவிசையை நீளவாக்கில் ஓடும் நூல்கள் தாங்கிக்கொள்வதால் கண் திறந்தே இருக்கிறது, குஞ்சுகள் நழுவித் தப்பிக்கின்றன. தண்ணீரும் தடையின்றிப் பாய்வதால் இழுப்பதற்கான விசை குறைந்து டீசல் மிச்சமாகிறது. கரையில் மீனைத் தரம் பிரிக்கும் வேலையும் குறைகிறது. சிந்துதுர்க் கடற்கரையில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு நடந்த பணியில் 40 மில்லிமீட்டர் சதுரக் கண் வலைகள் விசைப்படகுகளுக்கு அறிமுகம் செய்யப்பட்டன. பழைய மடியை மாற்றும் முதல் செலவுக்கு மட்டும் கை கொடுத்தால் போதும், பின்னர் டீசல் மிச்சமே அதை நிலைநிறுத்தும் என்பதுதான் இதன் அழகு.

தடைக்காலத்தைப் பற்றியும் ஒரு சொல். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மத்திய அரசின் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் மீனவர் ரூ.1,500 சேமித்தால் அரசுகள் ரூ.3,000 சேர்த்து, மூன்று மாதங்களுக்கு மாதம் ரூ.1,500 ஆகத் தருகின்றன. மும்பையில் ஒரு குடும்பம் அதைக் கொண்டு வாழ முடியாது. இதை உயர்த்தாமல் தடையை மட்டும் நீட்டிக்கக் கோருவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கடலுக்கு வெளியேயும் மீன்வளம் உண்டு. அது அலையாத்திக் காடுகளில் தொடங்குகிறது. தாராவியின் ஓரத்தில், ஒருகாலத்தில் குப்பைமேடாக இருந்து பின்னர் மகாராஷ்டிரா நேச்சர் பார்க் ஆன இடத்தில் நின்று பார்த்தால், மித்தி ஆறு மாஹிம் கழியில் சேருமிடத்தில் அந்த மரங்கள் தெரியும். உயிர்வளியற்ற சேற்றில் நிற்பதால் அவை வேர்களை மேல்நோக்கி நீட்டி, வற்றத்தின்போது காற்றிலிருந்து மூச்சு விடுகின்றன. ஏற்றத்தில் நீர் நிறையும்போது விரல்களைப் போல் நெருங்கி நிற்கும் அந்த வேர்களுக்கிடையே பெரிய மீன்களால் நுழைய முடிவதில்லை. இறால் குஞ்சுகளுக்கும் மடவைக் குஞ்சுகளுக்கும் நண்டுகளுக்கும் அது பாதுகாப்பான தொட்டில். விழும் இலைகளை நண்டுகள் துண்டாக்க, நுண்ணுயிர்கள் மக்கச் செய்ய, அந்தத் துகள்களே உணவுச் சங்கிலியின் முதல் கண்ணியாகின்றன. காட்டை வெட்டினால், பல கல் தொலைவில் வலை வீசுபவரின் மீன்பாடு சில ஆண்டுகளில் குறைகிறது; ஆனால் காரணம் அவர் கண்ணில் படுவதில்லை.

2005இல் மும்பை உயர் நீதிமன்றம் இக்காடுகளை அழிப்பதற்குத் தடை விதித்தது. 2012இல் மாங்குரோவ் பிரிவும் 2015இல் அதன் அறக்கட்டளையும் ஏற்பட்டன. அறக்கட்டளை கரையோரக் கிராமங்களில் குழுக்களை அமைத்து, அலையாத்திக் கழிகளில் வேலி கட்டிக் கழி நண்டு வளர்ப்பதற்குப் பணமும் பயிற்சியும் தருகிறது. நண்டுக்கு உயிருள்ள காடு வேண்டும். அதனால் காடு வெட்டப்படாமல் இருப்பதில் அந்தக் குழுவுக்கே வருமானம் சார்ந்த அக்கறை பிறக்கிறது. வெங்குர்லாவில் பெண்களின் சுய உதவிக் குழு ஒன்று படகில் பயணிகளை ஏற்றி இக்காடுகளைச் சுற்றிக் காட்டி வருவாய் ஈட்டுகிறது. காவலர் இல்லாத நேரத்திலும் காடு காக்கப்படுவதற்கு இதைவிட நம்பகமான ஏற்பாட்டை நான் அறியேன்.

இனி மௌசியின் கூடைக்குத் திரும்ப வேண்டும். 2023இல் மகாராஷ்டிரம் வெள்ளை வவ்வாலை மாநில மீனாக அறிவித்தது. அதே ஆண்டில், விற்பனை மதிப்புள்ள 54 இனங்களுக்குப் பிடிக்கத்தக்க குறைந்தபட்ச நீளமும் வகுக்கப்பட்டது. ஆனால் ஓத நீரோட்டத்தை எதிர்த்து நிலையாக நிறுத்தப்படும் டோல் வலை, ‘பாம்பே டக்’ எனப்படும் பொம்பில் மீனுக்காகவே சிறு கண்களோடு பின்னப்பட்டது. அதில் வவ்வால் குஞ்சும் சேர்ந்தே வந்து விழுகிறது. ஆமைக்காக வலையை அறுப்பவருக்கு இழப்பீடு கிடைக்கிறது. டோல் வலையின் கண்ணைப் பெரிதாக்கிப் பொம்பிலில் ஒரு பகுதியை இழக்கத் துணியும் படகுக்காரருக்கு அத்தகைய ஏற்பாடு இல்லை. மீன்வளப் பாதுகாப்புக்கென ஒதுக்கப்படும் அடுத்த ரூபாய் அங்கேதான் போய்ச் சேர வேண்டும். கூட்டுறவுச் சங்கம் முழுவதும் ஒரே நாளில் மடியை மாற்றிக்கொண்டால், அடுத்த படகுக்காரர் பிடித்துவிடுவார் என்ற அச்சத்துக்கும் அந்தக் கடற்பகுதியில் இடமிருக்காது.